வெறும் வானத்தைப் படமெடுப்பது எப்படி?

பறக்கும் பறவையைப் படமெடுக்கச் சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பறவையே இல்லாத வானத்தை, மிஞ்சினால் ஓரத்தில் ஒரு வால் நுனி மட்டும் தெரிகிற வானத்தைப் படமெடுக்கச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை இந்தக் கலையில் கரைகண்டவர்களைப் பார்க்கலாம். அவர்களோடு சேர விரும்புவோர் கீழ்க்கண்டவற்றை வழுவாமல் கடைப்பிடிக்கவும்.

1. இருப்பதிலேயே கனமான ட்ரைபாடை வாங்குங்கள்.

‘எதற்கு?’ என்று யாராவது கேட்டால், ‘கை ஆடும்’ என்று சொல்லுங்கள். 600 மி.மீ. லென்ஸில் கை ஆட்டம் தெரியாமலிருக்க 1/600 வினாடி போதும் என்பது பழைய கணக்கு. சிறகடிப்பு கலங்காமல் பதிய எப்படியும் 1/2000 பக்கம் போயாக வேண்டும். அந்த வேகத்தில் கை ஆட்டமெல்லாம் ஒரு பொருட்டா என்று அவர் மடக்குவார். கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டு நழுவிவிடுங்கள்.

2. ட்ரைபாடின் உச்சியில் கேமராவைத் தாங்கும் பால் ஹெட்டை நன்றாக இறுக்குங்கள்.

600 மி.மீ. லென்ஸ் காட்டுகிற வானம் மூலைக்கு மூலை சுமார் 4 பாகைதான். லென்ஸ் ஒரு கணம் பிந்தினால் போதும், பறவை வெளியே போய்விடும், உங்கள் காரியம் கைகூடும். கிம்பல் ஹெட் மட்டும் வேண்டவே வேண்டாம். லென்ஸின் எடையைச் சமன்செய்து நிறுத்துவதால் விரலால் தள்ளினாலே திரும்பும். நிதானமாக நேர்கோட்டில் வரும் கூழைக்கடா அதில் மாட்டிக்கொள்ளும்.

3. பறவை தலைக்கு மேல் வரும்வரை பொறுங்கள்.

வெயில் ஏறியதும் நாரைகள் அனல்காற்றைப் பிடித்து உச்சியில் வட்டமிடும். லென்ஸை மேலே திருப்பினால் கேமராவின் பின்பக்கம் உங்கள் நெஞ்சுக்கு இறங்கும். மண்டி போடுங்கள், கழுத்தை வளையுங்கள், ட்ரைபாட் கால் தடுக்கினால் பக்கத்தில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அதற்குள் நாரை அடுத்த ஊர் ஏரிக்குப் போயிருக்கும்.

4. லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைக்காதீர்கள்.

பழைய லென்ஸாக இருந்தால் இது கண்கண்ட மருந்து. ட்ரைபாடில் பூட்டிய பிறகும் அது இல்லாத ஆட்டத்தைத் தேடும். கிடைக்காவிட்டால் தானே ஆட்டிக்கொள்ளும்.

5. பறவையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஆகாது. நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று போஸ் கொடுத்துவிடும். பஞ்சுருட்டானும் ஆபத்துதான், பூச்சியைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய குச்சிக்கே பெரும்பாலும் திரும்பும். தகைவிலானை நம்புங்கள். எந்தப் பக்கம் திரும்பும் என்பது அதற்கே தெரியாது என்று தோன்றும்.

6. கையில் பிடித்து எடுப்பவர் பக்கம் திரும்பாதீர்கள்.

அவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, இடுப்பிலிருந்து திரும்புவார். பறவை தூரத்தில் புள்ளியாக இருக்கும்போதே தொடரத் தொடங்கிவிடுவார். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும் என்று தெரிந்து, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பார். அவர் கையில் இருப்பது 2018இல் வந்த நிக்கான் 500 மி.மீ. பிஎஃப் லென்ஸாக இருந்தால் அதன் எடையும் ஒன்றரைக் கிலோவுக்குள்தான். வயிற்றெரிச்சல் வேண்டாம், அவரையும் நம் பக்கம் இழுக்கலாம். கிளையில் அசையாமல் நிற்கும் ஒரு நாரையைக் காட்டி, ‘இப்போ பறக்கும் பாருங்க சார்’ என்று சொல்லிவையுங்கள். அரை மணி நேரம் லென்ஸைத் தூக்கிப் பிடித்துவிட்டு, கை கடுத்துக் கீழே இறக்குவார். நாரை அப்போதுதான் பறக்கும்.

7. வரலாற்றை மறையுங்கள்.

எத்தியேன்-ழூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். தோளில் அணைத்துக் குறிபார்த்து, பறக்கும் பறவைகளை வினாடிக்கு 12 படம் வீதம் எடுத்தார். பறவை பறக்கும் விதத்தை ஆராய வந்த மனிதர் முக்காலியைத் தேடவில்லை. இது வெளியே தெரிந்தால் ட்ரைபாடைச் சுமந்து வந்த தோள்களுக்கு என்ன பதில் சொல்வது?

எச்சரிக்கை: ட்ரைபாடும் சில சமயம் காலை வாரிவிடும். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், ஏரி நடுவே மரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வக்காவை 1/60 வினாடியில்கூடத் துல்லியமாக எடுத்துத் தந்துவிடும். அப்படி ஒரு நிலைமை வந்தால் பதற வேண்டாம். உடனே கேமராவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.