பென் பெரியப்பாவின் அந்தியேட்டி

ஸ்பைடர்மேனை வேண்டியபோதெல்லாம் மறுபிறப்பு எடுக்கவைக்கும் வல்லமை படைத்த ஹாலிவுட் ஸ்டுடியோ முதலாளிமாருக்கு, லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு பெரியப்பா பணிவன்போடு எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்துக்கு ஒரு குறையும் இருக்காது என்பது டிக்கெட் விலையைப் பார்த்தாலே தெரிகிறது.

சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள ஒரு மல்டிபிளெக்ஸில், 2012-இல் வந்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' படத்தை மறுபடி போட்டார்கள். தம்பியின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் படங்களாகப் பார்த்துப் பார்த்தே அந்தத் தியேட்டர் அட்டையில் புள்ளிகள் குவித்து வைத்திருந்தவன் நான். பொப்கோர்ன், சோடா எல்லாம் இன்றைக்குப் பெரியப்பாவின் கணக்கில் என்று ரயிலிலேயே அறிவித்தும் விட்டேன். கவுண்டரில் நின்ற பிள்ளை அட்டையைக் காட்டச் சொல்லி, திரையைப் பார்த்து, திட்டத்தை ரீபூட் செய்துவிட்டார்கள், எல்லோருக்கும் புதிய தொடக்கம், உங்கள் புள்ளிகள் பூச்சியம் என்றது. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிற குரலில் சொன்னது. நான் மேலாளரைக் கூப்பிடச் சொல்ல, பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்க, பன்னிரண்டு வயதுப் பெறாமகன் தன் கைச்செலவு அட்டையை எடுத்து மெஷினில் தட்டினான். "பரவாயில்லை பெரியப்பா, பிறகு தாங்கோ."

அந்தத் தியேட்டரைக் குறைசொல்ல மாட்டேன். மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி. சேர்த்து வைத்ததையெல்லாம் அழித்துவிட்டுப் பூச்சியத்திலிருந்து தொடங்கி, அதையே புதுமை என்று விற்கும் கலையை அவர்கள் வேறு யாரிடம் கற்றிருக்க முடியும்?

உள்ளே போய் உட்கார்ந்தோம். பெறாமகன் டொம் ஹொலண்ட் படங்களோடு வளர்ந்தவன். திரையில் மார்ட்டின் ஷீன் வந்ததும், "இது ஆர்?" என்றான். "பென் பெரியப்பா. இப்ப சாகப்போகிறார்," என்றேன். சொல்லிவைத்தாற்போலச் செத்தார்.

ஐயாமாரே, இந்த மனிதருக்கு நாங்கள் எத்தனை தரம்தான் எட்டுச் செலவு செய்வது? 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் காமிக்ஸில் கொன்றார்கள். அது கதைக்குத் தேவையான சாவு. பிடித்திருக்கக்கூடிய திருடனைப் போகவிட்ட பையன், அவனாலேயே பெரியப்பாவை இழக்கிறான். 2002-இல் சாம் ரெய்மி கொன்றார். கிளிஃப் ரொபர்ட்சன் தெருவில் கிடக்க, டொபி மக்வயரோடு சேர்ந்து நாங்களும் அழுதோம். 2007-இல், மூன்றாம் படத்தில், சுட்டவன் அந்தத் திருடனில்லை, மணல் மனிதன்தான் என்று சொல்லி அதே சாவைத் திரும்பக் காட்டினீர்கள். அந்தியேட்டி முடித்துக் கைகழுவிய சனத்தைச் செத்தவீட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டது போலாயிற்று. இடையில் இந்தியாவுக்கென்று 2004-இல் ஒரு காமிக்ஸ்: பையன் மும்பைக்காரன், பெயர் பவித்ர் பிரபாகர். பெரியவரின் பெயர் பீம். பெயரில் பீமன் இருந்தும் தப்பவில்லை. 2012-இல் ஷீன். 2023-இல் 'அக்ராஸ் தி ஸ்பைடர்வர்ஸ்' படத்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டீர்கள். எந்த உலகத்து ஸ்பைடர்மேனாக இருந்தாலும் வேண்டிய ஒருவரை இழந்தே ஆகவேண்டுமாம், தடுத்தால் அந்த உலகமே சிதைந்துவிடுமாம். எமன்கூடச் சித்திரகுப்தனிடம் கணக்குப் பார்த்துத்தான் கயிற்றை வீசுகிறான்.

ரீபூட்டே ஆகாது என்று சொல்கிற மூடனல்ல நான். 1997-இல் 'பேட்மேன் அண்ட் ராபின்' வந்தது. ஜோர்ஜ் குளூனியே பிற்காலத்தில் மன்னிப்புக் கேட்டுத் திரிந்த படம் அது. வீடு இடிந்து கிடந்ததால் புதிதாகக் கட்ட நியாயம் இருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, லண்டனில் பிறந்த கிறிஸ்டோபர் நோலன், பெட்ஃபோர்ட்ஷயரின் கார்டிங்டனில் ஆகாயக் கப்பல்கள் நின்ற பழைய கொட்டகைக்குள் கோதம் நகரத்தைக் கட்டினார். 'பேட்மேன் பிகின்ஸ்'இலும் தாய் தகப்பன் சாகிறார்கள்தான். ஆனால் ஒபரா பார்க்கும்போது வௌவால் வேடங்களைக் கண்டு பயந்த பிள்ளை வெளியே போவோம் என்று கேட்டதால்தான் அவர்கள் அந்தச் சந்துக்குள் வருகிறார்கள். அதே துப்பாக்கி, அதே முத்துமாலை, ஆனால் குற்ற உணர்வு புதிது. 1989-இல் டிம் பர்ட்டன் எடுத்ததைவிட இது மேல் என்பேன். ஜாக் நிக்கல்சன் ரசிகர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

நம்மவர்களும் செய்யாததல்ல. ரஜினியின் 'பில்லா' 1980, அஜித்தின் 'பில்லா' 2007. நடுவே 27 ஆண்டுகள். முதலாவதைப் பார்த்தவன் மகனோடு இரண்டாவதுக்குப் போனான். நீங்கள்? 2007-இல் மூன்றாம் படம் உலகம் முழுக்க 89 கோடி டாலர் வசூலித்தது. 2010 ஜனவரியில் ரெய்மி நாலாவதை விட்டு விலகினார். உடனே ரீபூட் அறிவிப்பு. முதல் பெரியப்பாவின் ஈமக்கிரியைப் பந்தலே பிரிக்கவில்லை.

ஏன் இந்த அவசரம் என்று எங்களுக்குத் தெரியாதா? குறித்த காலத்துக்குள் அடுத்த படத்தைத் தொடங்காவிட்டால் ஸ்பைடர்மேன் உரிமை சோனியின் கையைவிட்டு மார்வெலுக்குப் போய்விடும். அவ்வளவுதான் சங்கதி. சொல்வதற்குக் கதை இருந்து எடுத்த படமல்ல, காணி உறுதி கைமாறாமல் இருக்க அவசரமாகப் போட்ட வேலி. அதற்கு இரவு வேலை முடித்து வந்தவனின் காசை வாங்கியிருக்கிறீர்கள். பத்தே வருடத்தில் அதே பையனை அதே பூச்சி கடிக்க, அதே கிழவனை அதே தெருவில் சுட்டு, புதுப்படம் என்று விற்றிருக்கிறீர்கள். வெட்கம் கெட்ட வியாபாரம் இது.

கோபித்துவிட்டேன், பெரியமனதோடு பொறுத்தருள வேண்டும். தங்கள் 2012-ஆம் ஆண்டுத் திருப்பணியில் போற்றத்தக்கவையும் உண்டு. சரேயில் வளர்ந்த அன்ட்ரூ கார்ஃபீல்டின் வாய்த்துடுக்கு மக்வயருக்கு வராது. அவரும் எமா ஸ்டோனும் பாடசாலைத் தாழ்வாரத்தில் நின்று ஒரு வசனமும் முடிக்கத் தெரியாமல் தடுமாறும் காட்சிக்கு ஈடான காதல் முதல் மூன்று படங்களிலும் இல்லை. வலையும் ரெய்மி காட்டியதுபோல மணிக்கட்டிலிருந்து தானாகப் பீறிடாமல், காமிக்ஸில் உள்ளபடி பையனே செய்த கருவியிலிருந்து வருகிறது. பெரும் சக்தி, பெரும் பொறுப்பு என்ற அந்தப் பழைய வசனம் தேய்ந்துவிட்டது என்று தெரிந்து, அதையே ஷீனின் வாயில் மூன்று மடங்கு நீளத்தில் சுற்றிவளைத்துச் சொல்லவைத்த சாமர்த்தியத்தையும் மெச்சுகிறேன். திவசத்துக்குத் திவசம் மந்திரம் நீண்டால் ஐயருக்கும் மதிப்புத்தானே.

ஆனால் கிரேன் காட்சிக்கு வருவோம். காயம்பட்ட ஸ்பைடர்மேன் ஊசலாடிப் போக, அவன் காப்பாற்றிய பிள்ளையின் தகப்பன் சக தொழிலாளரைக் கூப்பிட்டு, தெரு நீளத்துக்குக் கிரேன்களை நிரையாகத் திருப்பவைக்கிறான். பெறாமகன் கை தட்டினான். நானும் தட்டினேன். தட்டும்போதே 2004-இல் வந்த இரண்டாம் படத்தின் ரயில்தான் நினைவுக்கு வந்தது. தண்டவாளம் முடிகிற இடத்தில் ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறவனைப் பயணிகள் தலைக்குமேலே கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகமூடி இல்லை. சின்னப் பையன்தான் என்று ஒருவர் மெல்லச் சொல்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். கிரேனை வாடகைக்கு எடுத்துவிடலாம். அந்தப் பெட்டிக்குள் இருந்த சனத்தை எங்கே வாடகைக்கு எடுப்பது?

அந்த ரயிலில் மக்வயரோடு மோதிய டொக்டர் ஒக்டோபஸாக நடித்த அல்ஃபிரட் மொலினாவும் லண்டனில் பிறந்தவர். அடுத்து கிங்ஸ்டனில் பிறந்த ஹொலண்டைப் பிடித்தீர்கள். ஊருக்குப் பெருமைதான். 2017-இல் 'ஹோம்கமிங்' படத்தில் கடியுமில்லை, செத்தவீடுமில்லை. நேரே கதைக்குள் போனீர்கள். எல்லா ரீபூட்டிலும் எனக்குப் பிடித்த முடிவு அது. பெரியப்பாவை விட்டுவிட்டார்களே என்று கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கமுன் 2021-இல் 'நோ வே ஹோம்' படத்தில் பெரியம்மாவைக் கொண்டுபோய்விட்டீர்கள்! என்றாலும் அந்தப் படத்தில் மூன்று ஸ்பைடர்மேன்களும் ஒன்றாக நின்றபோது, 2014-இல் காதலியைத் தாங்கிப் பிடிக்கமுடியாமல் போன கார்ஃபீல்ட், கீழே விழும் ஹொலண்டின் காதலி எம்ஜேயைப் பாய்ந்து பிடித்துவிட்டு முகம் உடைந்து நிற்கிறாரே, தன் சொந்தப் படங்கள் இரண்டும் அவருக்குக் கொடுக்காத நொடி அது.

கடைசியாக ஒரு சிறு விண்ணப்பம். 2012-இல் பென் பெரியப்பாவைச் சுட்டவனின் மணிக்கட்டில் நட்சத்திரம் பச்சை குத்தியிருந்தது. ஸ்பைடர்மேனான பீட்டரும் அரைவாசிப் படத்துக்கு அவனை ஊரெல்லாம் தேடினான். பல்லி மனிதன் வந்ததும் எல்லோரும் மறந்துபோனீர்கள். அடுத்த படத்திலும் அவன் பிடிபடவில்லை. இன்னும் நியூயோர்க்கில் எங்கேயோ பால் வாங்கிக்கொண்டு திரிகிறான். அவனைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தும்வரை தயவுசெய்து அடுத்த பெரியப்பாவுக்கு ஆள் எடுக்கவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாடிக்கையாளன்
(தற்போதைய புள்ளிகள்: பூச்சியம்)