மலையிறங்கிக் கப்பலேறுவோருக்கு

கேள்வி – பதில்

கோமுகி அணையையும் கரியாலூர் படகுத் துறையையும் தவிரப் பெரிய தண்ணீரைப் பார்க்காத ஊர் நமக்கு. சொகுசுக் கப்பல் பேச்சு எதற்கு? (சின்னசேலம்)

கடல் இல்லாத ஊர்க்காரர்தானே காசு கொடுத்துக் கடல் பார்ப்பார்! நாகப்பட்டினத்து மீனவரிடம், "நடுக்கடலில் மூணு ராத்திரி, தலைக்கு இவ்வளவு ரூபாய்" என்று சொல்லிப் பாருங்கள். "யார் யாருக்குக் கொடுக்கணும்?" என்று கேட்பார். நமக்குச் சென்னைத் துறைமுகம் ஒரு பஸ் தூரம். கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலை 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கிருந்துதான் கொடியசைத்து அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையையும் தொட்டு வந்தது.

முதல் பயணம். எத்தனை இரவு போகலாம்? (தியாகதுருகம்)

மூன்று அல்லது நான்கு. 'இரண்டு இரவு' என்ற விளம்பரத்தைப் பிரித்துப் பாருங்கள். முதல் நாள் மதியம் வரிசையில் நிற்பீர்கள், கடைசி நாள் காலை மூட்டை கட்டுவீர்கள். நடுவில் கையில் நிற்பது ஒரே ஒரு முழு நாள். கப்பலுக்குள் வழி பிடிபடுவதற்குள் கரை வந்துவிடும்.

உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி, சூட் என்று நாலு விலை சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்? (சங்கராபுரம்)

உள்ளறையில் ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவுதான். தூக்கப் பிரியர்களுக்குச் சொர்க்கம், விலையும் குறைவு. ஜன்னல் அறையில் கடல் தெரியும், காற்று வராது. அந்தக் கண்ணாடியைத் திறக்க முடியாது. பால்கனியில் இரண்டும் உண்டு. சூட்டில் இடமும் உபசாரமும் கூடுதல். இன்னொன்று: எம்ப்ரஸ் 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி அறைகள் சொற்பம், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும் பஸ்ஸிலேயே எனக்கு எலுமிச்சம்பழம் வேண்டும். கப்பலில் என் கதி? (வெள்ளிமலை)

பதிலும் அந்த பஸ்ஸில்தான் இருக்கிறது. கடைசி சீட்டில் உட்கார்ந்தவர் கூரையைத் தொட்டுவிட்டு வருவார், நடு சீட்டுக்காரர் அசையாமல் வருவார். கப்பலும் அப்படித்தான். மூக்கும் வாலும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அதிகம் அசையாது. மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆகவே உங்களுக்கு நடுக்கப்பல், கீழ்த்தளம். பின்கோடியில் ஆட்டத்தோடு சில கப்பல்களில் இயந்திர அதிர்வும் சேரும். மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. தலை சுற்றினால் அறைக்குள் சுருண்டு படுக்காமல் மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, விருந்தும் ஆகாது.

"மேல்தளத்தில் அறை, அதே விலை, நம்பர் பிறகு சொல்கிறோம்" என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா? (கள்ளக்குறிச்சி)

மாப்பிள்ளை முகத்தைத் தாலி கட்டும்போது பார்க்கலாம் என்கிறார்! நம்பர் இல்லாத டிக்கெட்டில் எந்த வகை அறை என்பதற்குத்தான் உத்தரவாதம், எந்த இடம் என்பதற்குக் கிடையாது. எங்கே போட்டாலும் தூங்குவேன் என்பவர் வாங்கினால் லாபம். வெள்ளிமலை வாசகர் வாங்கக் கூடாது. மேல்தளம் என்றாலே உயர்ந்தது என்பது வீடு கட்டுபவர் கணக்கு, கடலில் அது செல்லாது.

தள வரைபடத்தைக் கொடுத்தார்கள். கட்டம் கட்டமாக இருக்கிறது. எதைப் பார்ப்பது? (உளுந்தூர்பேட்டை)

உங்கள் கட்டத்தை விட்டுவிட்டு அதற்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தலைக்கு மேல் நீச்சல்குளம் இருந்தால் விடிகாலையில் நாற்காலி இழுக்கும் ஓசைதான் சுப்ரபாதம். காலுக்குக் கீழ் நடன அரங்கு இருந்தால் நள்ளிரவு வரை தாலாட்டு. மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் நிம்மதி. அடுத்து, ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் கடலுக்குப் பதில் படகின் முதுகுதான் காட்சி. விலை குறைத்திருந்தால் காரணம் அதுவாகவே இருக்கும். பக்கத்து அறைக்குப் போகும் இடைக்கதவு இருந்தால் அடுத்த வீட்டுச் சண்டையும் இலவசம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. (ரிஷிவந்தியம்)

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதற்கு நேர் எதிரில் இல்லாமல் நாலைந்து கதவு தள்ளி எடுங்கள். கப்பல் தாழ்வாரம் ஒரு தெரு நீளம் இருக்கும். குளியலறை வாசலில் படி உண்டா என்று கேளுங்கள். சக்கர நாற்காலி நுழையும் அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம்தான், முன்கூட்டியே பதிய வேண்டும்.

நாலு பேர் ஒரே அறையில் சமாளிக்கலாமா? (திருக்கோவிலூர்)

சமாளிக்கலாம். மூன்றாவது, நான்காவது படுக்கை பெரும்பாலும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். யார் ஏணி ஏறுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு பால்கனி அறையின் விலையையும் எதிரெதிரான இரண்டு உள்ளறைகளின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவதில் குளியலறையும் இரண்டு. காலை ஏழு மணிக்கு அதன் அருமை தெரியும்.

எங்கள் தாத்தா 'ரஜூலா' கப்பலில் மலாயா போனாராம். அவர் எந்த அறையில் போயிருப்பார்? (மூங்கில்துறைப்பட்டு)

பெரும்பாலும் எந்த அறையிலும் இல்லை. 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-கள் வரை ஓடியது. கேபின் கொஞ்சம், 'டெக்' பயணிகளோ ஆயிரக்கணக்கில். பாயும் டிரங்குப் பெட்டியும்தான் அவர்கள் அறை. தாத்தா பிழைக்கப் போனார், நீங்கள் பொழுது போக்கப் போகிறீர்கள். அறை சரியில்லை என்று சண்டை போடுமுன் ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஒரு சூடம் ஏற்றி, கெட்டிலில் காபி போடலாமா? (கச்சிராயபாளையம்)

சூடம், ஊதுபத்தி, கெட்டில், அயர்ன் பாக்ஸ் எல்லாமே வாசலில் பறிமுதலாகும். கோபப்படாதீர்கள். சென்னை–சிங்கப்பூர் தடத்தில் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. நடுக்கடலில் ஓடி இறங்க வாசல் கிடையாது. கும்பிடு மட்டும் போடுங்கள், அதற்குத் தடையில்லை.

இவ்வளவு செலவழிக்குமுன் கடல் எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சோதிக்க வழி உண்டா? (கல்வராயன்மலை)

பாஸ்போர்ட் இருந்தால் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் 'செரியாபாணி' தொடங்கி வைத்தது, 2024 ஆகஸ்டிலிருந்து 'சிவகங்கை'. நாலு மணி நேரம்தான், உட்காரும் இருக்கைதான். வயிற்றுக்கு அதுவே நுழைவுத் தேர்வு. பாஸ்போர்ட் இல்லையென்றால் சென்னையிலிருந்து அந்தமான் போகும் பயணிகள் கப்பல். பங்க், இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ் என்று வகுப்புகள், கிட்டத்தட்ட மூன்று நாள். ஆட்டம் பாட்டம் கிடையாது, கடல் மட்டும் நிறைய.

எந்த மாதம் நல்லது? (சின்னசேலம்)

வங்காள விரிகுடாவில் தை முதல் பங்குனி வரை கடல் பொதுவாகச் சாது. ஐப்பசி, கார்த்திகை புயலுக்கு முன்பதிவு செய்த மாதங்கள். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கிளறும்போதுதான் எம்ப்ரஸ் சென்னைப் பக்கம் வருவது வழக்கம். அந்தந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்துப் பதியுங்கள். சிங்கப்பூரிலிருந்து 'கென்டிங் ட்ரீம்' போலப் பெரிய கப்பல்கள் உண்டு. அது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டன், எம்ப்ரஸ் ஐம்பதாயிரத்துக்குள். பெரிய கப்பலில் ஆட்டம் குறைவு, நடை அதிகம்.

விடிகாலை பஸ் பிடித்தால் மதியம் கப்பல் ஏறிவிடலாம்தானே? (தியாகதுருகம்)

கிளாம்பாக்கம் வரை உங்கள் கணக்கு சரி. அங்கிருந்து துறைமுகம் போவது தனிப் பயணம். கை காட்டினால் நிற்க இது பஸ் இல்லை. கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்பே நுழைவு மூடிவிடும். முதல் நாளே சென்னை போய்விடுங்கள். ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், கட்டாயம் போக வேண்டும்.

டிக்கெட் விலைக்கு மேல் என்ன பிடுங்குவார்கள்? (சங்கராபுரம்)

துறைமுகக் கட்டணம், வரி, சேவைக் கட்டணம், மது, வைஃபை, கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு. இதில் எது விலைக்குள் அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். கரை மறைந்ததும் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் அது தானாகத் தொற்றிக்கொண்டால், ஒரு 'ஹலோ'வுக்கு ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு விற்க வேண்டியிருக்கும்.

எனக்குப் பால்கனி ஆசை. உள்ளறை போதும் என்கிறார் மனைவி. தீர்ப்பு? (கள்ளக்குறிச்சி)

பகல் வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் அறைக்குள் இருப்பீர்கள் என்று எழுதுங்கள். சாப்பாடு, நீச்சல், கலைநிகழ்ச்சி, சீட்டுக்கட்டு எல்லாம் போக ஒரு நாளைக்கு மூன்று மணி தேறினால் பால்கனி. தேறாவிட்டால் நடுக்கப்பலில் நல்ல உள்ளறை. மேல்தளத்தில் கைப்பிடியைப் பிடித்து நின்றால் இருவருக்கும் அதே கடல்தான் தெரியும். மிச்சமாகும் பணத்தைக் கேசினோவில் விட்டுவிடாதீர்கள். அதை எங்கே வைப்பது என்று உங்கள் மனைவி ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்.