கணக்கில் கோட்டை விடுவது எப்படி?

கணக்கில் தோற்பதற்கும் ஒழுங்கான பயிற்சி வேண்டும். பேனாவை எடுங்கள். பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலைதான்.

1. கேள்வியைப் படிக்காதீர்கள், எண்களை மட்டும் பொறுக்குங்கள். செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 2 செ.மீ. அதிகம், பரப்பளவு 48 ச.செ.மீ., அகலம் என்ன? 48-ஐ 2-ஆல் வகுத்து 24 என்று எழுதுங்கள். மீதியில்லாமல் வகுபடுகிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்?

2. சமன்பாடு போட்டே தீருவேன் என்கிறீர்களா? சரி, 6, -8 என்று இரண்டு விடை வரும். இரண்டுக்கும் கட்டம் கட்டுங்கள். மைனஸ் 8 செ.மீ. அகலத்தைத் திருத்துபவர் அளந்து பார்த்துக்கொள்ளட்டும்.

3. ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்; நடுவில் 2ஏபி என்ற தரகர் எதற்கு? 3, 4 என்று போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25 வரும். ஆகவே போட்டுப் பார்க்காதீர்கள்.

4. எக்ஸ் ஸ்கொயர் = 5எக்ஸ் என்று வந்தால், இருபுறமும் ஓர் எக்ஸை அடித்துவிட்டு 5 என்று முடியுங்கள். 0-வும் ஒரு விடைதான். பூஜ்ஜியம்தானே, போனால் போகட்டும். மொத்தமாக மார்க் ஷீட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

5. முக்கோணம் செங்கோணம்போல் தெரிந்தால் செங்கோணமேதான். பக்கங்கள் 5, 6, 8 என்றாலும் பிதாகரஸை இழுத்து வாருங்கள். 61-க்கும் 64-க்கும் மூன்றுதான் வித்தியாசம். பெரிய மனது பண்ணுங்கள்.

6. பாகைமானியில் இரண்டு வரிசை எண்கள் இருப்பது உங்கள் வசதிக்காக. 60 கேட்டால் 120-இல் புள்ளி வையுங்கள்.

7. 3, 4, 6 என்ற பக்கங்களை 3, 4, 8 என்று பார்த்து எழுதுங்கள். விற்கள் வெட்டிக்கொள்ளாது. கேள்வியை மறுபடி பார்க்காதீர்கள்; கவராயத்தை அகட்டி வெட்ட வையுங்கள்.

8. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வடிவியல் வரைதலுக்கு 8 மதிப்பெண், கிராஃபுக்கு 8. இரண்டையும் கடைசி மணி அடிக்கும்வரை தள்ளிப்போடுங்கள். உதவிப்படமும் அளவுத்திட்டமும் வேலையற்றவர்களுக்கு.

9. விடையைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனாவால் இரண்டாவது கோடு போடுங்கள்.

10. மார்க் வந்ததும், "எங்க பரம்பரைக்கே கணக்கு வராது" என்று சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் தலையாட்டுவார்கள். இந்த விடையையும் யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.