தேறல் தேறுமா? ஒரகடத்திலிருந்து ஓர் அளவீட்டு ஆய்வு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டாரத்தில், வாடகை வீட்டுக் கூடத்தில் நண்பர்களைப் பாய்போட்டு உட்காரவைத்து இந்திய ஒயினைச் சுவைக்கக் கொடுப்பதென்றால் எந்த ஊர் ஒயினைக் கொடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இத்துறையில் முன்னாய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. தேடவும் இல்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. ‘ஒயின் ஷாப்’ என்பது தமிழில் குவார்ட்டரும் பீரும் வாங்கப் போகிற இடம். ஆகவே இது காரணப்பெயர் அன்று, இடுகுறிப்பெயர். 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியாக அரசே எடுத்துக்கொண்டபோது பலகை மாறியது, ஜனங்களின் வாய் மாறவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் துறைக்கு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்று பெயர். முரண்தொடைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இலக்கண நூல்களில் இல்லை.

சங்க காலத்தில் இந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த தேறலைக் குடித்து இன்புற்றிரு என்கிறார். அரிக்கமேட்டை 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது அந்தத் தேறல் வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயினுக்கு உரிய சாடி வகையும் அவற்றில் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு கடல் தாண்டி வந்த பண்டம் இன்றைக்கு ஓசூரைத் தாண்டி வருவதற்குள் என்ன பாடு படுகிறது என்பதை இனிக் காண்போம்.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையின் வாசலில் ஓடும் சாலை பெங்களூருக்குப் போகிறது. அதே 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே நிற்காமல் புனே, மும்பை என்று நீள்கிறது. பெங்களூருக்கு வடக்கே நந்திமலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் 1980களில் போட்ட திராட்சைத் தோட்டம் இருக்கிறது. மகாராஷ்டிரத்து நாசிக்கில் ராஜீவ் சமந்த் 1990களின் கடைசியில் தொடங்கிய சுலா இருக்கிறது. எங்கள் பேட்டையில் செய்த கார் டிரெய்லரில் ஏறி இந்தச் சாலையில் எந்த மாநிலத்துக்கும் போய்விடும். ஒரு புட்டி எதிர்த்திசையில் வரவேண்டுமென்றால் மாநிலத்துக்கு மாநிலம் லேபிள் பதிவு, தீர்வை, அனுமதி. 2017இல் பிஸ்டனுக்கு வந்த ஜிஎஸ்டி ஒயினுக்கு வரவில்லை. பிரெஞ்சுக்காரன் மண், சரிவு, வெயில் என்று பார்த்து ஒயின் வட்டாரம் பிரிக்கிறான். நம்மூரில் அதைப் பிரிப்பது சோதனைச்சாவடி. இதுவே என் ஆய்வின் முதல் முடிபு, இதற்கு மறுப்பு வராது என்று நம்புகிறேன்.

களப்பணியில் கடைக்காரர் ஒருவரிடம் “ரெட் ஒயின் இருக்கா?” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்ல மாசமா இருக்காங்களா சார்? கொழந்த கலரா பொறக்கறதுக்கா?” இந்த நம்பிக்கையைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்; இங்கே இடமில்லை. நாசிக் சிவப்பு ஒன்றும் நந்திமலைச் சிவப்பு ஒன்றும் வாங்கிவந்தேன்.

இனி அளவீடு. நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். உதிரிபாகத்தைச் சோதிக்கும் முன் சோதிக்கிற கருவியைச் சோதி என்பது எங்கள் வேதம். அதற்கு ‘கேஜ் ஆர் அண்ட் ஆர்’ என்று பெயர்: அதே துண்டை அதே ஆள் மறுபடி அளந்தால் அதே எண் வருகிறதா, வேறு ஆள் அளந்தாலும் வருகிறதா. பிழை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் கருவி தேறியது; 30ஐத் தாண்டினால் குப்பைக்கு. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சி ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் 2005 முதல் சில ஆண்டுகள் இதைத்தான் செய்தார். ஒரே புட்டியிலிருந்து மூன்று கோப்பை, நடுவருக்குத் தெரியாமல். பத்து நடுவரில் ஒருவர்தான் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டார் என்று 2008இல் வெளியிட்டார். அவருக்கு ஒரகடத்தில் உடனே வேலை கொடுத்திருப்பார்கள்.

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ தருக என்று நூல்கள் சொல்லும். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது, 16 முதல் 18 டிகிரி. எங்கள் அறையின் வெப்பத்தில் கொடுத்தால் அது ரசம். ஆகவே ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் வைத்தேன். எவர்சில்வர் டம்ளர் நான்கு. அடியில் மார்க்கரால் எண். ஒன்றும் நான்கும் ஒரே நாசிக், இரண்டும் மூன்றும் ஒரே நந்தி. துப்புவதற்கு ஒரு வாளி.

வார்ப்புப் பிரிவு அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்துக்காரர், முதல் டம்ளருக்கு முகம் சுளித்தார். “புளிச்சுக் கெடக்கு வே.” நான்காவதுக்கு வந்ததும், “இதுதாம் வே சரக்கு. இதையே வாங்கியிருக்கலாம்லா?” வாளியைக் காட்டினேன். “காசு குடுத்து வாங்குனதத் துப்பவா கூப்பிட்டீரு?” வாளி கடைசிவரை காய்ந்தே இருந்தது.

பெயின்ட் ஷாப் தம்பி நான்கையும் மோந்து பார்த்து, “நாலுலயும் தின்னர் வாசம் வருது சார்” என்றான். டம்ளரை இடம் மாற்றி மறுபடி கொடுத்தேன். மறுபடியும் தின்னர். என் கணக்குப்படி அவனே உலகத்தரமான கருவி: பிழை பூஜ்யம். எதையும் வேறுபடுத்திச் சொல்ல மாட்டான் என்பது வேறு விஷயம்.

மூன்றாமவர் பராமரிப்புப் பிரிவு, தேனிப் பக்கம். “மாலை போட்டிருக்கேண்ணே” என்று டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தார். கம்பம் பன்னீர் திராட்சை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிற மஸ்கட் ஹாம்பர்க் ரகம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நாசிக்கில் ஒயின் திராட்சை ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு தரம் அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து தள்ளிப் போடுவதால் வருஷம் முழுக்க எங்காவது குலை பழுத்திருக்கும். கழுவித் தட்டில் வைத்தேன், நாக்கைச் சுத்தம் செய்துகொள்ள என்று.

அண்ணாச்சி ஒரு கொத்தைப் பிய்த்துக்கொண்டார். தம்பி ஒரு பழத்தை மோந்து பார்த்து நிமிர்ந்தான். “சார், இதுல பன்னீர் வாசம் வருது!”

இம்மாதிரியை மறுஅளவீட்டுக்கு உட்படுத்த எண்ணி டம்ளர்களைக் கழுவிக்கொண்டு வந்தேன். தட்டில் காம்பும் விதையும் இருந்தன.