பல்லவனுக்கும் விசா வேண்டும்

மணப்பாறையிலிருந்து ஏதென்ஸுக்கே இப்போது ஆள் போய்வருகிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்கும் கூடவே போகிறது. ஆலிவ் காய் எல்லார் வாய்க்கும் ஒத்துவருமா?

திரும்பி வந்தவர்கள் டீக்கடையில் வகுப்பே நடத்துகிறார்கள். அங்குள்ள பார்த்தீனான் கோயிலைக் கி.மு. 447இல் கட்டத் தொடங்கினார்களாம். தூண்கள் நடுவில் லேசாகப் புடைத்திருக்குமாம். எஞ்சியிருந்த சிற்பங்களில் ஏறக்குறையப் பாதியை எல்கின் பிரபு பெயர்த்துக்கொண்டு போனதில், அவை இன்னும் லண்டனில் இருக்கின்றனவாம். சீரமைக்க 1975இல் குழு போட்டும் வேலை முடியவில்லை என்றதும், கேட்டவர்களுக்குக் கிரேக்கர்கள் மேல் ஒரு பங்காளிப் பாசமே வந்துவிட்டது.

மணப்பாறைக்குப் பக்கத்தில் திருச்சி. மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறும் வழியில், ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன், தூண்களில் மன்னனின் கல்வெட்டு. பார்த்தீர்களா என்று ஏதென்ஸ்காரரிடம் கேட்டால், "அங்கதானே சார், மூச்சு வாங்க உட்காருவோம்!" என்கிறார்.

ஸ்ரீரங்கத்தில் 236 அடி ராஜகோபுரம். அது 1987இல் முடிந்ததுதான். ஆனாலும் ஆயிரம் வருஷப் பழசு என்று சொல்லிவிட்டுச் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

தொல்லியல் துறைக்கு ஒரு யோசனை. குகை வாசலில் விசா கேளுங்கள். கைரேகை எடுங்கள். காரணம் சொல்லாமல் நாலு பேரைத் திருப்பி அனுப்புங்கள். மறுவாரமே வரிசை தெப்பக்குளத்தைச் சுற்றி நிற்கும்.