விடிய விடியத் தோற்று நிதி திரட்டுவது எப்படி?

மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் மாரத்தான் ஓட முழங்கால் ஒத்துழைக்காது. கேக் செய்து விற்கலாம் என்றால் வீட்டிலேயே யாரும் தொடுவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கென்றே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆட வேண்டும். அதை ட்விட்ச் போன்ற தளத்தில் லைவ்வாக விட வேண்டும். பார்க்கிறவர்களிடம் கூச்சமில்லாமல் காசு கேட்க வேண்டும். இத்தனை வருடமாக எந்தக் காரியத்துக்காக அம்மாவிடம் திட்டு வாங்கினீர்களோ, அதே காரியம்தான்.

திறமை வேண்டுமே என்று தயங்காதீர்கள். திறமை இடைஞ்சல். 2007-இல் கனடாவின் விக்டோரியா நகரத்து நகைச்சுவைக் குழு ஒன்று, குழந்தைகள் மருத்துவமனைகளுக்காக நிதி திரட்டக் கிளம்பியது. அவர்கள் தேர்ந்தெடுத்த கேம் டெசர்ட் பஸ். அரிசோனாவின் டூசானிலிருந்து லாஸ் வேகாஸ் வரை ஒரு காலிப் பேருந்தை ஓட்ட வேண்டும். எட்டு மணி நேரம், நிஜமாகவே எட்டு மணி நேரம். மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாது. பட்டனில் டேப் ஒட்டிவிட்டுத் தூங்கப் போகலாம் என்றால் வண்டி லேசாக வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். சாலையை விட்டு இறங்கிவிட்டால் இழுவை வண்டி வந்து டூசானுக்கே திரும்பக் கொண்டுபோய் விடும், அதுவும் நிஜ நேரத்தில். ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பாயிண்ட். இதைப் பார்க்கத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள். சரியாகச் சொன்னால், இதை அவர்கள் நிறுத்திவிடாமல் இருக்கக் காசு கொடுத்தார்கள்.

விலை வைக்கும் முறையையும் அவர்களிடமே படியுங்கள். முதல் மணி நேரம் ஆட ஒரு டாலர். அடுத்த மணி நேரத்துக்கு 7 சதவீதம் கூட. அதற்கடுத்ததற்கு மறுபடி 7 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். நூறாவது மணி நேரத்தின் விலை 800 டாலரைத் தாண்டிவிடும். கூட்டு வட்டி நல்ல காரியத்துக்கும் பயன்படும் என்பதற்கு அபூர்வமான ஆதாரம்.

அடுத்து, சண்டை மூட்டி விடுங்கள். இதில் குருநாதர்கள் கேம்ஸ் டன் குவிக் கூட்டத்தார். ஒரு கேமை எவ்வளவு வேகமாக முடிக்கலாம் என்று போட்டி போடும் ஸ்பீட்ரன்னர்கள். 2010-இல் அமைப்பாளரின் அம்மா வீட்டு நிலவறையில் தொடங்கிச் சுமார் 10,000 டாலர் சேர்த்தார்கள். ஜனவரி 2020-இல் நடந்த ஒரே நிகழ்ச்சியில் 30 லட்சம் டாலரைத் தாண்டினார்கள். ஜனவரி வசூல் போவது புற்றுநோய்த் தடுப்புக்கான ஓர் அமைப்புக்கு. ரகசியம் என்ன தெரியுமா? சூப்பர் மெட்ராய்ட் என்ற பழைய கேமின் முடிவில் கிரகமே வெடிக்கப் போகிறது, நாயகி தப்பி ஓட வேண்டும். வழியில், முன்பு அவளுக்கு வித்தை காட்டிக் கொடுத்த சில பிராணிகள் மாட்டிக்கொண்டு நிற்கும். காப்பாற்றப் போனால் சில நொடிகள் வீண். ஸ்பீட்ரன்னருக்கு நொடிதான் சொத்து. ஆகவே முடிவைப் பார்வையாளரிடமே விட்டுவிட்டார்கள்: காப்பாற்று என்போர் ஒரு பக்கம் பணம் கட்டலாம், சாகட்டும் என்போர் மறுபக்கம். இரண்டு கட்சியும் வெறியோடு கொட்டும். இரண்டு கட்சிப் பணமும் போய் விழுவது ஒரே உண்டியலில். எந்தத் தேர்தலிலும் இவ்வளவு நேர்த்தி கிடையாது.

பணம் வந்தால் வாசிக்க வேண்டும். நம்மூர்க் காதுகுத்தில் மைக் பிடித்து மொய் வாசிப்பவர் செய்யும் அதே வேலை; அதே ஏற்ற இறக்கம், அதே உற்சாகம். ஐந்து டாலருக்கும் ஐநூறு டாலருக்கும் குரலில் வித்தியாசம் தெரியக் கூடாது. ஒரே எச்சரிக்கை: பெயரை முதலில் மனதுக்குள் படித்துப் பாருங்கள். சத்தமாகச் சொன்னால் மட்டும் கெட்ட வார்த்தையாகிற பெயர்களைத் தயாரித்து அனுப்புவதற்கென்றே ஒரு கோஷ்டி இரவெல்லாம் விழித்திருக்கும்.

அந்தக் கோஷ்டிக்கு நடுவில்தான், நீங்கள் ஒரு பள்ளத்தைத் தாண்டக் குதித்த அதே நொடியில், இருபது டாலரும் இரண்டு வரியும் வரும். ‘அம்மாவுக்கு நாளை நான்காவது கீமோ. தூக்கம் வரவில்லை, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.’ கை தடுமாறிப் பள்ளத்தில் விழுவீர்கள். விழுங்கள், பரவாயில்லை. ஆனால் போராளி, வீராங்கனை, வென்று காட்டுவார் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். போன வருடம் மனைவியைப் பறிகொடுத்தவரும் அதே சாட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டுக்காரி சரியாகப் போராடவில்லை என்றா அர்த்தம்? அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த பள்ளத்தை அந்த அம்மாவின் கணக்கில் தாண்டிக் காட்டுங்கள்.

இப்போது இளஞ்சிவப்பு, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் அடையாள நிறம். விளக்கு, ஹெட்செட், நாற்காலி எல்லாம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். வாங்குவதற்கு முன் சார்லட் ஹேலியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் பீச் நிறத்தில் கையால் ரிப்பன் செய்து, தடுப்புக்கு அரசு ஒதுக்கும் பணம் போதாது என்று அட்டையில் எழுதி விநியோகித்தவர் அவர். ஒரு பத்திரிகை கூட்டுச் சேர அழைத்தபோது, உங்களுக்கு இது வியாபாரம் என்று மறுத்துவிட்டார். பத்திரிகைக்காரர்கள் வக்கீல்களைக் கேட்டு நிறத்தை மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்று நிறம்தான் இன்று தயிர் டப்பா வரை ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே விளக்கு வாங்குகிற காசை உண்டியலில் போடுவது உத்தமம். ‘விழிப்புணர்வுக்காக’ என்று மட்டும் எழுதி நிறுத்துகிறவர்களிடம், எந்த அமைப்புக்கு, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

கேட்டால் பதில் சொல்ல முடியும் என்பதற்கு 2018 மே மாதம் சாட்சி. ஓவர்வாட்ச் கேமில் மெர்சி என்றொரு மருத்துவர். அணியில் யாருக்கு அடிபட்டாலும் ஓடிவந்து குணப்படுத்துவாள். ஒரு நொடி தாமதித்தால் அணி மொத்தமும் அவளைத்தான் திட்டும். கேம் நிறுவனத்தார் அவளுக்கு ஓர் இளஞ்சிவப்பு உடையை 15 டாலருக்கு விற்று, வருமானம் முழுவதும் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு என்று அறிவித்தார்கள். இரண்டே வாரம். 1 கோடியே 27 லட்சம் டாலர். அதுவரை அவளுக்கு ஒரு நன்றி சொல்லாதவர்கள்கூட வரிசையில் நின்று உடை வாங்கினார்கள்.

நள்ளிரவுக்கு மேல் எவராவது, ‘இவ்வளவு வசூலித்தீர்களே, நோய் ஒழிந்துவிட்டதா?’ என்று சாட்டில் கேட்பார். கோபிக்காதீர்கள், லோடிங் திரை வரும்போது மேரி கிளேர் கிங் கதையைச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் மரபணு வழியாக வருகிறது என்று கருதி 1970-களில் தேட ஆரம்பித்தவர். பலர் நம்பவில்லை. 1990-இல்தான் அந்த மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். பிஆர்சிஏ1 என்ற அந்த மரபணுவைப் பிரித்தெடுக்க 1994 ஆனது. அத்தனை வருடமும் யாரோ ஆய்வகங்களுக்குக் கரண்ட் பில் கட்டியிருக்கிறார்கள்.

கடைசியாகக் கணக்கு வழக்கு. பணம் உங்கள் பாக்கெட்டைத் தொடாமல் நேரே அறக்கட்டளைக்குப் போகும் டில்டிஃபை போன்ற வழியாகவே வாங்குங்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஒருவர் ஐயாயிரம் டாலர் போட்டு, ‘மொட்டை போடு’ என்பார். காலையில் வங்கியை அழைத்து, அந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை என்பவரும் அவரேதான். பணம் நிலைக்கிறதா என்று சில நாள் பொறுத்துப் பாருங்கள். நிலைத்துவிட்டால் சொன்ன சொல் தவறக் கூடாது, போட்டே ஆக வேண்டும். அதற்கு முன் கேமரா ஓடுகிறதா, மைக் மியூட்டில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். மறுபடி எடுக்கலாம் என்றால் முடி வளர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.