எக்ஸ்போர்ட் குவாலிட்டி பிஸ்கோத்து

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ சூட்டியிருக்கிறார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு கார் இந்தப் பெரியவர்களை எல்லாம் ஒருவர் விடாமல் தாண்டி மேலே போகும். பின் சீட்டில் பத்து கிலோ மைதா, ஆறு கிலோ வெண்ணெய், அட்டைப்பெட்டி நிறைய டூட்டி ஃப்ரூட்டி. ஓட்டுகிறவரின் மடியில் பழைய லெதர் டைரி. இவர்தான் ஓய்வுபெற்ற தோல் கம்பெனி மேனேஜர். கிறிஸ்துமஸுக்கு பிஸ்கோத்து சுடப் போகிறார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் எங்கே தேடினாலும் இந்த இனத்தில் ஒருவர் கிடைப்பார். முப்பது வருஷம் தோல்ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ காலம் தள்ளியவர். ரிடையரானதும் ஏலகிரியில் அத்தனாவூர்ப் பக்கம் ஒரு வீடு கட்டி, நாய் ஒன்றும் ரோஜாச்செடி நாலும் வைத்துக்கொண்டு பதினோரு மாதம் சாதுவாக இருப்பார். பன்னிரண்டாம் மாதம் பிறந்ததும் அவருக்குள் சங்கு ஊதும். ஷிஃப்ட் ஆரம்பம்.

சமையலறைக்குள் அவர் நுழைந்தாலும் மனசு டேனரியில்தான் நிற்கும். அதில் ஒரு நியாயமும் உண்டு. தோல் பதனிடுகிறவன் எதையும் தோலின் எடைக்கு நூற்றுக்கு இவ்வளவு என்றே போடுவான்: தண்ணீர் நூறு, உப்பு எட்டு, குரோம் எட்டு. பேக்கரிக்காரனும் மைதாவை நூறு என்று வைத்துக்கொண்டுதான் மற்றதைக் கணக்குப் போடுகிறான். வெண்ணெய் பிஸ்கோத்துக்கு மைதா நூறென்றால் வெண்ணெய் 67, சர்க்கரை 33. இந்த ஒற்றுமை தெரியவந்த அன்று இவருக்குத் தூக்கம் வரவில்லை. “அட, இவ்வளவுதானா கேக்கு!” என்று நடுராத்திரியில் வீட்டம்மாவை எழுப்பிச் சொன்னார். கைப்பிடியும் ஆழாக்கும் கண்ணளவுமாகவே நாற்பது கிறிஸ்துமஸ் பலகாரத்தை முடித்த அந்த அம்மா, “சரி, தூங்குங்க” என்றார்.

மாவைத் தேய்த்ததும் சட்டைப் பையிலிருந்து திக்னஸ் கேஜ் வெளியே வரும். ஷூ அப்பர் தோல் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஆயுசு முழுக்கப் பார்த்த கருவி. இப்போது அதன் வேலை, பிஸ்கோத்து மாவு நாலு மூலையிலும் ஐந்து மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு மூலை ஐந்தரை காட்டினால் மொத்தத்தையும் உருட்டி மறுபடி தேய்க்கவேண்டும். நட்சத்திர அச்சை அவர் ‘டை’ என்றுதான் சொல்வார். ஒரு நட்சத்திரத்தின் கால் இடுக்கில் இன்னொன்றின் காலை நுழைத்து, வேஸ்டேஜ் இல்லாமல் வெட்டுவார். மிஞ்சும் துண்டுகளைப் பிசைந்து மறுபடி தேய்த்துக்கொள்ளலாமே என்று பேத்தி சொன்னால், “தோலை அப்படிப் பிசைய முடியுமாடா கண்ணு?” என்பார். அதற்குப் பதில் அந்தக் குழந்தையிடம் இல்லை. யாரிடமும் இல்லை.

சரித்திரமும் அவருக்குத் தோல் வழியாகத்தான் விளங்கும். 1883இல் தலச்சேரியில் மர்டாக் பிரௌன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக்கை மாம்பள்ளி பாபு என்ற பிஸ்கோத்துக்காரரிடம் காட்டி இதுபோலச் செய்து கொடு என்றார். பாபு உள்ளூர்ச் சரக்கை வைத்தே செய்து அசத்தினார். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படும் இந்தக் கதையைக் கேட்டு மற்றவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். இவர் மட்டும் கண்கலங்குவார். “பையர் சாம்பிள் கொடுத்தான். நம்ம ஆள் கவுன்டர் சாம்பிள் போட்டான். அப்ரூவல் வாங்கிட்டான். இதுக்கு மேல என்னய்யா வேணும்?”

ஜெர்மன்காரர்களுக்கு ஷூ அனுப்பிய காலத்தில் கற்ற வித்தையும் உண்டு. நியூரம்பெர்க் லேப்கூகன், டிரெஸ்டன் ஸ்டோலன், பாதாம் பொடி போட்ட பிறை வடிவ வனிலே கிப்ஃபர்ல் என்று அந்த ஊர்க் கிறிஸ்துமஸ் பலகாரப் பெயர்கள் சரளமாக வரும். கிப்ஃபர்லைப் பார்த்த தோட்டக்கார அம்மா, “இன்னா சார், சோமாசி சின்னதாப் பூட்ச்சி?” என்று கேட்டதிலிருந்து அவர் அதை விருந்தாளிகள் வரும்போது மட்டும் செய்கிறார்.

இவருடைய நிர்வாகத் திறமையின் சிகரம் பிளம் கேக்கில் தெரியும். டிசம்பர் பிறந்ததுமே உலர்பழம் ஊறத் தொடங்கிவிடும், இரண்டு ஜாடிகளில். ‘லாட் ஏ’ பிராந்தியில். அதற்காக டாஸ்மாக் வரிசையில் சபைப் பெரியவர் யார் கண்ணிலும் படாமல் நிற்க மங்கிக் குல்லாய் ஒன்று தனியே இருக்கிறது. ‘லாட் பி’ ஆரஞ்சுச் சாற்றில். அது ஆம்பூரில் பழைய முதலாளி பாய் வீட்டுக்கும் மற்ற சிநேகிதர்களுக்கும். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அந்த வீட்டிலிருந்து சீரக சம்பா பிரியாணி கத்தரிக்காய்த் தொக்கோடு வந்து இறங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் இறங்கவேண்டும். லாட் மாறிப்போனால் இரண்டு தலைமுறைச் சிநேகம் போச்சு. அதனால் ஏ ஜாடிக்குச் சிவப்பு நாடா, பி ஜாடிக்குப் பச்சை நாடா, இரண்டு ஜாடியும் வேறு வேறு அறையில், சாவி அவர் இடுப்பில். தோல்ஷாப்பில் ஆசிட் பேரலுக்குக்கூட இவ்வளவு காவல் போட்டதில்லை.

கேக் நடுவில் குழிந்தால் குற்றம் மலைமேல். “சுமார் 1,100 மீட்டர் உயரம்மா இது. காற்றழுத்தம் கம்மி. தண்ணியே 96 டிகிரியில கொதிச்சிடும். பேக்கிங் பவுடர் அவசரப்பட்டு உப்பி, அப்புறம் உட்கார்ந்துக்குது.” சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் அதே உயரத்தில், கரென்ட் போய் ஓவன் கண்ணை மூடிய வேளையில், வீட்டம்மா பழைய குக்கரில் மணலைப் பரப்பி வைத்த கேக் கும்மென்று எழுந்து நிற்கும். அதைப் பற்றி டைரியில் குறிப்பு கிடையாது.

அந்த அம்மாவின் இலாகா தனி. அச்சுமுறுக்கு, அதிரசம், அப்புறம் ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியச் சிநேகிதியிடம் சின்ன வயதில் கற்ற கல்கல். கல்கல் சுருளில் வரி போட ஒரு புதுச் சீப்பு. அச்சுமுறுக்குக்குத் தன் அம்மா கொடுத்த இரும்பு அச்சு. எண்ணெயில் அச்சைக் காயவைத்து, தேங்காய்ப்பால் மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குவார். முழுக்க முக்கினால் மாவு மேலே மூடிக்கொள்ளும், கழலாது. எத்தனை டிகிரி என்று இவர் தெர்மாமீட்டரோடு வந்து நின்றால், “சொய்ங்னு சத்தம் வர்ற டிகிரி” என்பார்.

டிசம்பர் 23 அன்று செலக்‌ஷன். ஹாலில் வெள்ளைத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பிஸ்கோத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஏ கிரேடு, பி கிரேடு, ரிஜெக்ட். ஓரம் கருகினால் ரிஜெக்ட். நட்சத்திரத்துக்கு ஒரு கால் குட்டையானால் ரிஜெக்ட். மேலே கீறல் விழுந்தால், உயிரோடு இருக்கும்போது மாட்டை முள்கம்பி கீறியதுபோலவே உச்சுக்கொட்டி ரிஜெக்ட். வீட்டம்மா கேட்பார்: “என்னங்க, இதைத் திங்கப் போறாங்களா, காலுல போட்டுக்கப் போறாங்களா?”

ஏ கிரேடு டப்பாவில் ஏறி, ரிப்பன் கட்டிக்கொண்டு, பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போகும். அங்கே ஷோகேஸில் பொங்கல் வரை அழகாக இருக்கும். ரிஜெக்ட் எல்லாம் பெரிய எவர்சில்வர் தூக்கில் கொட்டப்பட்டுத் திண்ணைக்கு வரும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், பால்காரர், கேரல் பாட வந்த இளைஞர்கள், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் என்று ஆளாளுக்குக் கைவிட்டால் தூக்கு அரை மணி நேரத்தில் காலி. “இத்தப் போயி இன்னாத்துக்கு சார் ரிஜெக்ட்டுன்றீங்க? கருகினதுதான் மொறுமொறுன்னு கீது” என்பார் பால்காரர்.

ஆயுசு முழுக்க இந்த ஆள் அனுப்பிய சரக்கை யார் காலில் மாட்டினார்கள், எப்படி நடந்தார்கள் என்று அவர் பார்த்ததே இல்லை. ஹாம்பர்க்கிலிருந்து வந்ததெல்லாம் புகார்க் கடிதம்தான். எதிரே ஒருவர் தன் சரக்கைக் கடித்து, கண்ணை மூடி, இன்னொன்றுக்குக் கை நீட்டுவதை ரிடையரான பிறகு இந்தத் திண்ணையில்தான் முதலில் கண்டார். அதிலிருந்து மனிதர் கொஞ்சம் மாறிவிட்டார் என்று ஊரில் பேச்சு.

மாறித்தான் இருக்கிறார். அடுத்த வருஷம் ரிஜெக்ட்டையே தனி லாட்டாகப் போடப் போகிறாராம். ஸ்பெக்கும் தயார், டைரியில் தெளிவாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறார். ‘உடைசல்: குறைந்தது இரண்டு துண்டு. கருகல்: ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் வரை. முழுசாகவும் அழகாகவும் இருப்பவை ஏற்கப்படமாட்டா.’